பார்க்காமல் எழுதிய சீட்டு

"கீழே ரொம்ப அரிக்குது டாக்டர்." தலை குனிந்தபடி ஒரு பெண் சொல்லி முடிப்பதற்குள் சீட்டில் மூன்று வரி விழுந்துவிடுகிறது. பூஞ்சைக்கு ஒரு மாத்திரை, பூச ஒரு கிரீம், கழுவ ஒரு திரவம். எத்தனை மாதமாக இருக்கிறது, இரவில் கூடுகிறதா, மாதவிடாய் நின்றுவிட்டதா, சர்க்கரை உண்டா என்று எதுவும் கேட்கப்படவில்லை. திரைக்குப் பின்னால் இருக்கும் மேசை காலியாகவே கிடக்கிறது. அடுத்த டோக்கனைக் கூப்பிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து அவள் வேறொரு மருத்துவரிடம் போகிறாள். அங்கும் இதே மூன்று வரிதான்.

நம் ஊர்ச் சிறு கிளினிக்குகளிலும் பெரிய மருத்துவமனைகளிலும் அன்றாடம் நடக்கும் இந்தக் காட்சியை 'கவனக்குறைவு' என்று மென்மையாகச் சொல்லிக் கடந்துபோக நமக்கு மனமில்லை. கண்ணால் பார்க்கக்கூடிய இடத்தில் இருக்கும் நோயைப் பார்க்காமலே மருந்து எழுதுவது குற்றம். சட்டம் அதற்கு என்ன பெயர் வைத்தாலும், அறத்தின் முன் அது குற்றமே.

தொண்டை வலி என்றால் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்க்கிறார்கள். முதுகில் படை என்றால் சட்டையைத் தூக்கச் சொல்கிறார்கள். பெண்ணுறுப்பின் வெளிப்புறமும் தோல்தான். சொரியாசிஸ் அங்கேயும் வரும், ஒவ்வாமை அங்கேயும் வரும், புற்றுநோய் அங்கேயும் வரும். அந்த ஒரு சாண் தோலுக்கு மட்டும் நோயாளியின் வாய்ச்சொல்லே போதும் என்று எந்த மருத்துவ நூலும் சொல்லவில்லை. பழக்கம்தான் சொல்கிறது.

இந்தப் பழக்கத்துக்கு அதிகமாக விலை கொடுப்பவர்கள் லைக்கன் ஸ்க்ளிரோசஸ் என்ற நோய் கண்ட பெண்கள். உடலின் எதிர்ப்பாற்றல் தன் தோலையே தாக்குவதால் வருவதாகக் கருதப்படும் நோய் இது. தைராய்டு கோளாறு உள்ள பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. தொற்று அல்ல, பால்வினை நோயும் அல்ல. கணவனிடமிருந்து வருவதில்லை, கணவனுக்குப் போவதுமில்லை. தோல் முதலில் வெளுக்கிறது. பிறகு கசக்கி விரித்த சிகரெட் தாள்போல மெலிந்து சுருங்குகிறது. யோனி வாயையும் ஆசனவாயையும் சுற்றி, 8 என்ற எண்ணை எழுதியதுபோல அந்த வெண்மை படர்வதுண்டு. நகம் பட்டாலே கிழிகிறது, தோலுக்கடியில் இரத்தம் கட்டுகிறது. இரவுதான் கொடுமை. வீடே தூங்கிய பிறகு அரிப்பு எழுப்பிவிடும். சொறிந்த இடத்தில் சிறுநீர் பட்டால் தீயாய் எரியும். அந்த எரிச்சலைக் கேட்டதும் 'யூரின் இன்ஃபெக்‌ஷன்' என்று ஆன்டிபயாடிக் எழுதிவிடுகிறார்கள்.

இப்படியே ஆண்டுகள் போனால் சிற்றிதழ்கள் கரைந்து பேரிதழ்களோடு ஒட்டிப்போகும். கிளிட்டோரிஸ் தழும்புக்கு அடியில் புதைந்துவிடும். யோனியின் வாசல் குறுகும். உறவு கொள்வது கத்தியால் கீறுவதுபோல ஆகும். எத்தனை வீடுகளில் இது 'அவளுக்கு விருப்பம் போய்விட்டது' என்று மட்டும் புரிந்துகொள்ளப்பட்டிருக்கும், எத்தனை பெண்கள் அந்தப் பழியை மறுத்துப் பேசாமல் சுமந்திருப்பார்கள் என்பதற்குக் கணக்கு வைக்க ஆளில்லை. சிகிச்சையே இல்லாமல் விட்டால் நூறு பேரில் ஐந்து பேர் வரை அதே தோலில் புற்றுநோய் காணலாம்.

இந்த நோய் யோனிக்குள் போவதில்லை என்றே சொல்லலாம். வெளித்தோலோடு நின்றுவிடும். மகளிர் மருத்துவப் பிரிவில் மேசையில் படுக்கவைத்து, ஸ்பெகுலம் கருவியை உள்ளே செலுத்தி, கருப்பை வாயைப் பார்த்துவிட்டு 'எல்லாம் நார்மல்' என்று சொல்லி அனுப்பினால், நோய் இருக்கும் இடத்தைக் கருவி தாண்டிப் போய்விட்டது என்று பொருள். திண்ணையில் விழுந்து கிடப்பவரைத் தாண்டி வீட்டுக்குள் போய் 'எல்லோரும் சுகம்தானே' என்று விசாரிப்பது போன்றது அது.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இந்த நோய் அதிகமாகத் தலைகாட்டும் பருவங்கள் இரண்டு: பூப்பெய்தாத சிறுமிப் பருவமும் மாதவிடாய் நின்றதற்குப் பிந்தைய பருவமும். கேண்டிடா என்ற பூஞ்சை யோனியில் செழிக்க ஈஸ்ட்ரோஜன் வேண்டும். அந்த ஹார்மோன் குறைவாக இருக்கும் பருவங்களும் இதே இரண்டுதான். சர்க்கரை நோய் இல்லாத, ஹார்மோன் மருந்து எடுக்காத அறுபது வயதுப் பெண்ணுக்குப் பூஞ்சை வருவது அரிது. அப்படியிருக்க அவருக்கு ஃப்ளூகோனசோல் மாத்திரையை மூன்றாம் முறையாக எழுதும் மருத்துவர் தாம் படித்த பாடத்தையே மறந்துவிட்டார். இதைப் பிடிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். நோயாளியின் வயதைக் கவனித்தாலே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

சர்க்கரை உள்ளவர்களுக்குக் கதை வேறு. டாபாக்லிஃப்ளோசின் என்ற சர்க்கரை நோய் மாத்திரையின் காப்புரிமை இந்தியாவில் 2020-ல் முடிந்தது. பல நிறுவனங்கள் அதைத் தயாரிக்கத் தொடங்கின, விலை இறங்கியது, மூலைமுடுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நன்மை செய்யும் நல்ல மருந்துதான். ஆனால் அது சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுகிறது. இனிப்பு கலந்த சிறுநீர் படும் தோலில் பூஞ்சை வளர்கிறது. மாத்திரை எழுதும்போதே "அங்கே அரிப்பு வந்தால் மறைக்காமல் வந்து சொல்லுங்கம்மா, ஒவ்வொரு முறையும் தண்ணீர் விட்டுக் கழுவி ஈரமில்லாமல் வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லாததால் பல பெண்கள் காரணம் தெரியாமல் தங்கள் மேலேயே ஐயம் கொள்கிறார்கள். கணவன் மேலும் கொள்கிறார்கள்.

இனி அந்த கிரீமுக்கு வருவோம். மருந்துக் கடையில் 'அரிப்பு' என்று சொன்னால் கையில் திணிக்கப்படும் குழாயில் க்ளோபெட்டசால் என்ற மிக வீரியமான ஸ்டீராய்டும், பூஞ்சைக்கு ஒரு மருந்தும், பாக்டீரியாவுக்கு ஒன்றோ இரண்டோ மருந்துகளும் கலந்திருக்கும். எது நோய் என்று தெரியாதவர் எல்லாவற்றின் மேலும் ஒருசேர எறியும் கல் அது. படர்தாமரை உள்ள தொடை இடுக்கில் இதைப் பூசினால் இரண்டு நாளில் அரிப்பு அடங்கும். பூஞ்சை அடங்காது. சிவப்பு மறைந்து, விளிம்பு கலைந்து, உள்ளுக்குள் பரவும். தோல் மெலிந்து வரிவரியாகப் பிளக்கும். நிறுத்தினால் முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பும். அதனால் நிறுத்த மாட்டார்கள். இப்படித் தாறுமாறாகப் பூசியதும் இன்றைய அடங்காத படர்தாமரைக்கு ஒரு காரணம் என்று தோல் மருத்துவர்கள் ஆண்டுக்கணக்கில் சொல்லி வருகிறார்கள். டெர்பினஃபைன் மருந்துக்கு எளிதில் மடங்காத ஒரு பூஞ்சைக்கு 2020-ல் ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று பெயர் வைத்தார்கள். நம் நாட்டின் பெயர் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்று அது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் காணப்படுகிறது.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2018 மார்ச்சில், தோலில் பூசும் 14 ஸ்டீராய்டுகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் பட்டியலில் மத்திய அரசு சேர்த்தது. அதே ஆண்டு செப்டம்பரில் தடைசெய்யப்பட்ட 328 கலவை மருந்துகளில் இத்தகைய கிரீம்களும் இருந்தன. ஆனால் இன்று மாலை உங்கள் தெருமுனைக் கடையில் போய்க் கேட்டுப் பாருங்கள். சீட்டு எங்கே என்று எத்தனை பேர் கேட்கிறார்கள்?

நம் நெஞ்சைச் சுடுவது இதற்கு அடுத்த விஷயம். இந்த க்ளோபெட்டசால்தான் லைக்கன் ஸ்க்ளிரோசஸுக்கு உலகெங்கும் முதல் மருந்து. கலவையில் இல்லாமல், தனியாக, 0.05 சதவீத ஆயின்மென்ட்டாக. தோல் மருத்துவர்கள் பின்பற்றும் முறை எளிமையானது: முதல் மாதம் இரவுதோறும் ஒருமுறை, இரண்டாம் மாதம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், மூன்றாம் மாதம் வாரம் இருமுறை. 30 கிராம் குழாய் ஒன்று மூன்று மாதத்துக்கும் போதும். அதற்குப் பிறகு தோலின் நிலையைப் பார்த்து அளவைக் குறைத்துத் தொடர வேண்டும். விலையும் ஏழைக்கு எட்டாததல்ல. ஆனால் சரியாக நோயறிந்த ஒரு மருத்துவர் இதை எழுதிக் கொடுத்தாலும், 'பிறப்புறுப்பில் பூசக் கூடாது' என்ற எச்சரிக்கையைக் குழாயோடு வரும் தாளில் படித்துவிட்டு அந்தப் பெண் பயந்துபோகிறாள். கடைக்காரரோ "ஸ்டீராய்டும்மா, அங்கெல்லாம் போடாதீங்க" என்கிறார். அவள் இரண்டு வாரத்தில் நிறுத்திவிடுகிறாள். ஆக, இந்த மருந்து கிடைக்கக் கூடாதவளுக்குச் சீட்டில்லாமல் கிடைக்கிறது. கிடைக்க வேண்டியவள் அதைக் கண்டு அஞ்சுகிறாள். இருவருக்கும் நடந்த அநீதியின் வேர் ஒன்றே. யாரும் பார்க்கவில்லை, பார்த்தவரும் விளக்கவில்லை.

நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று உண்டு. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் இந்த நோயுள்ள 507 பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2015-ல் வெளியானது. சொன்னபடி மருந்தைத் தொடர்ந்தவர்கள் 357 பேர். அவர்களில் ஒருவருக்குக்கூட அந்த இடத்தில் புற்றுநோயோ அதன் முந்தைய நிலையோ வரவில்லை. விட்டுவிட்டுப் பூசிய 150 பேரில் 7 பேருக்கு வந்தது. தழும்பும் ஒட்டுதலும் மோசமானவர்கள் முதல் கூட்டத்தில் நூற்றுக்கு மூன்று நான்கு பேர், இரண்டாம் கூட்டத்தில் நாற்பது பேர். மூன்று மாதத்துக்கு ஒரு குழாய் ஆயின்மென்ட்டை ஒழுங்காகப் பூசுவதும் பூசாததும் ஒரு பெண்ணின் உடலில் இவ்வளவு வேறுபாட்டை ஏற்படுத்துகிறது.

ஒரு காலத்தில் இந்த வெண்படலத்தைக் கண்டாலே அறுவைக் கத்தியை எடுத்தார்கள். பெண்ணுறுப்பின் வெளிப்பகுதி முழுவதையும் வெட்டி எடுப்பதே சிகிச்சையாக இருந்தது. தழும்பின் ஓரத்தில் நோய் மறுபடி முளைத்தது. தொடையிலிருந்து எடுத்து ஒட்டிய தோலிலும் வந்தது. அந்தக் கொடுமை நின்றதற்குக் காரணம், மருத்துவர்கள் சிலர் இந்த உறுப்பைப் பொறுமையாகப் பார்த்து, படித்து, ஒருவரோடொருவர் பேசியதுதான். இதற்கென்றே ஒரு பன்னாட்டுச் சங்கம் 1970-ல் தொடங்கப்பட்டது. மகளிர் மருத்துவர், தோல் மருத்துவர், திசுவை ஆராயும் நோயியலாளர் மூவரும் ஒரே மேசையில் உட்கார வேண்டிய துறை இது. நம் ஊரிலோ மகளிர் பிரிவு 'தோல் பிரிவுக்குப் போங்க' என்கிறது. தோல் பிரிவின் வாசலில் 'பால்வினை நோய்' என்ற சொல்லும் சேர்ந்தே எழுதப்பட்டிருக்கிறது. உறவுக்காரர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று அந்தப் பெயர்ப்பலகைக்குக் கீழே உட்காரத் தயங்கித் திரும்பிப்போகிறவர்களை நாம் குறை சொல்ல முடியாது. பலகையை மாற்றுவது அரசுக்கு ஒரு நாள் வேலை.

"நாங்கள் பார்க்கத் தயார்தான், அவர்கள் காட்ட மாட்டார்கள்" என்று மருத்துவர்கள் சொல்லும் சமாதானத்தை நாம் ஏற்கவில்லை. இதே பெண்தான் முப்பது ஆண்டுகளுக்கு முன்னால் அரசு மருத்துவமனைப் பிரசவ அறையில், திரைகூட இல்லாத மேசையில், மாணவர் கூட்டம் சூழ நிற்கப் பிள்ளை பெற்றாள். அன்று அவளுடைய கூச்சத்தை யாரும் மதித்து நின்றதில்லை. பிள்ளை வேண்டியிருந்தபோது நினைவுக்கு வராத வெட்கம், அவளுக்கே வைத்தியம் வேண்டியிருக்கும்போது மட்டும் ஏன் நினைவுக்கு வருகிறது? கதவைச் சாத்தி, ஒரு நர்சம்மாவைப் பக்கத்தில் நிறுத்தி, மேலே ஒரு துணி போர்த்தி, எதற்காகப் பார்க்கிறோம் என்று ஒரு வாக்கியம் சொன்னால் பெரும்பாலான பெண்கள் இசைவார்கள். மறுத்தால் அது அவர்கள் உரிமை. ஆனால் கேட்க வேண்டியது மருத்துவரின் கடமை. கேட்காமலே மறுத்ததாகக் கணக்கெழுதுவது அநியாயம்.

பார்ப்பவருக்குப் பயிற்சியும் வேண்டும். பாடநூல் படங்களில் பெரும்பாலானவை வெள்ளைத் தோலில் எடுத்தவை. நம் தோலில் அழற்சி செக்கச்செவேல் என்று தெரியாது, கருஞ்சிவப்பாகவோ கருநீலமாகவோ தெரியும். வெளுப்போ பளிச்சென்று தெரியும், அதை வெண்புள்ளி என்று எண்ணிவிடுவார்கள். வெண்புள்ளியில் நிறம் மட்டும்தான் போகும். தோல் மெலியாது, சுருங்காது. விரலால் தொட்டுப் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும். தடிப்போ ஆறாத புண்ணோ இருந்தாலும், சிகிச்சைக்கு அடங்காவிட்டாலும் மரத்துப்போக ஊசி போட்டு, நான்கு மில்லிமீட்டர் அளவில் ஒரு துண்டு தோலை எடுத்து ஆய்வுக்கு அனுப்ப வேண்டும். சில நிமிட வேலை. அதைச் செய்யாமல் ஆண்டுக்கணக்கில் களிம்பை மாற்றிக்கொண்டே இருந்து, கடைசியில் 'புற்று முற்றிவிட்டது' என்று சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை.

சிறுமிகளின் கதை தனி வேதனை. ஆறேழு வயதுப் பிள்ளை எப்போதும் அங்கே கையை வைத்துக்கொண்டே இருக்கிறாள். "வயித்துல பூச்சி இருக்கும்" என்று வீட்டில் பூச்சி மருந்து கொடுக்கிறார்கள். கீரிப்பூச்சியால் இரவில் அங்கே அரிப்பது உண்மைதான், கொடுத்துப் பார்ப்பதில் பிழையில்லை. அதற்கும் தீராவிட்டால்? ஆசனவாயில் வெடிப்பு இருப்பதால் மலம் கழிக்க அழுவாள், அடக்குவாள், மலச்சிக்கல் என்று சிரப் கொடுப்பார்கள். கையை வைத்ததற்கு அடியும் விழும். பள்ளியில் கேலியும் நடக்கும். ஒருநாள் உள்ளாடையில் இரத்தக் கறை. தோலுக்கடியில் கட்டிய இரத்தத்தைக் கண்டு, பிள்ளையை யாரோ கெடுத்துவிட்டார்கள் என்று மருத்துவர் முடிவு கட்டிவிடக்கூடும். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி ஐயம் எழுந்தாலே தெரிவித்தாக வேண்டும், அது சரியான சட்டம். நோய் இருப்பதால் வன்கொடுமை நடந்திருக்காது என்றும் சொல்லிவிட முடியாது. இரண்டும் ஒரே பிள்ளைக்கு நேரலாம். ஆகவேதான் தேர்ந்த கண் தேவைப்படுகிறது. தெரியாத கண் ஒரு நிரபராதித் தகப்பனைக் காவல் நிலையத்தில் நிறுத்தலாம். அதே தெரியாத கண் ஒரு குற்றவாளியைத் தப்பவிடவும் செய்யும்.

குற்றவாளிக் கூண்டில் மருத்துவர்களை மட்டும் நிறுத்துவது நேர்மையாகாது. அந்த இடம் இயல்பிலேயே அழுக்கு, நாற்றம் என்று பெண்களை நம்பவைத்து வணிகம் செய்பவர்கள் இருக்கிறார்கள். 2012-ல் நம் தொலைக்காட்சிகளில் ஒரு விளம்பரம் வந்தது. கணவனின் கவனத்தைத் திரும்பப் பெற மனைவி தன் அந்தரங்கத் தோலை வெளுக்கச் செய்துகொள்கிறாள். கண்டனம் எழுந்தது. ஆனால் வாசனைத் திரவங்களும் ஈரத் துடைப்பான்களும் கடை அலமாரிகளில் இன்றும் அடுக்கியிருக்கின்றன. வெளித்தோலுக்கு வெறும் தண்ணீர் போதும், யோனி தன்னைத் தானே தூய்மை செய்துகொள்ளும். சோப்பும் டெட்டால் தண்ணீரும் மணமூட்டிய நாப்கினும் ஒவ்வாமையைத்தான் கொண்டுவருகின்றன. அரிக்கிறது என்று இன்னும் அழுத்திக் கழுவுகிறார்கள், அதனாலேயே இன்னும் அரிக்கிறது. சொறிந்து சொறிந்து தோல் யானைத் தோல்போலத் தடித்துவிடும். அதற்கும் ஒரு தனி நோய்ப் பெயர் இருக்கிறது, நல்ல மருந்தும் இருக்கிறது. பத்திரிகைகளாகிய நாமும் தப்ப முடியாது. 'அந்தரங்கம்' என்று தலைப்புப் போட்டு எத்தனையோ கேள்வி பதில் வெளியிட்டிருக்கிறோம். ஐம்பது வயதைக் கடந்த பெண்ணின் தோல் நோயைப் பற்றி எத்தனை வரி எழுதினோம்?

இந்தத் தீர்ப்பை எழுதிவிட்டு அரசிடம் கேட்பது ஒன்றே ஒன்று. கருப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே அறிய, அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் சோதனை தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. முப்பது வயது கடந்த பெண்களைச் செவிலியர்கள் பேசி இசையவைத்து அழைத்து வருகிறார்கள். கடினமான வேலை முழுவதையும் அவர்கள் செய்து முடித்துவிட்டார்கள். பெண் வந்துவிட்டாள், படுத்துவிட்டாள், விளக்கு எரிகிறது, கதவு சாத்தியிருக்கிறது. கருவியை எடுக்கும் முன் அரை நிமிடம் வெளித்தோலைப் பார்த்து, "இங்கே அரிப்பு உண்டாம்மா?" என்று கேட்கச் செவிலியர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். வெளுப்பு, வெடிப்பு, தடிப்பு, ஆறாத புண் ஆகிய நான்கின் படங்களை நம் தோல் நிறத்தில் அச்சடித்து அந்த அறைச் சுவரில் மாட்டுங்கள். சோதனை முடிவெழுதும் தாளில், வெளித்தோல் பார்க்கப்பட்டது என்று குறிக்க ஒரு கட்டம் சேருங்கள். கட்டம் இருந்தால் அதை நிரப்பியாக வேண்டும், நிரப்ப வேண்டுமானால் பார்த்தாக வேண்டும்.